ட்ரோனும் கலுங்கும்: ஒரு பிளஸ் டூ மாணவிக்குப் பதில்

கேள்வி: அக்கா, எனக்குத் திருவாடானை பக்கம் ஒரு கிராமம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறேன். இப்போது பிளஸ் டூ, உயிரியல் - கணிதம் பிரிவு. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல், ஒரு ஏக்கர் புஞ்சை. நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறோம். இரண்டு வருடம் மழை பொய்த்தால் கடன்தான். போன வருடம் ஊரில் ட்ரோன் வைத்து மருந்து அடித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத விவசாயத்துக்கான டெக்னாலஜி படிக்க வேண்டும் என்று ஆசை. மாமா, "ஏ.ஐ. படி, அதில்தான் சம்பளம்" என்கிறார். டீச்சர் பி.எஸ்சி. அக்ரி என்கிறார். அப்பா, "சேற்றை விட்டுப் போகத்தானே படிக்க வைக்கிறேன், திரும்பச் சேற்றுக்கே வரவா?" என்கிறார். எதைப் படிப்பது? தமிழ்வழியில் படித்த என்னால் முடியுமா? செலவுக்கு என்ன வழி?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ட்ரோனுக்கு ஒரு பக்கம் கொடுத்திருந்தாய், மழைக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பதில் எழுதப் போகிறேன். நீ படிக்க வேண்டிய படிப்பு அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ட்ரோனை முதலில் முடித்துவிடுவோம். அதில் நல்லது உண்டு. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூற்றைம்பது, இருநூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கிற வேலையை அது பத்து லிட்டரில் முடித்துவிடும். அடிக்கிறவர் மூக்கிலும் முதுகிலும் மருந்து இறங்காது. ஆனால் ட்ரோன் ஓட்ட நான்கு வருடப் படிப்பு தேவையில்லை. பத்தாவது தேறி, பதினெட்டு வயது முடிந்திருந்தால், அங்கீகாரம் பெற்ற மையத்தில் சில நாள் பயிற்சி எடுத்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கிவிடலாம். மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டமே மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுத்து ஓட்டவும் சொல்லித்தருவதற்காக வந்ததுதான். நீயும் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள். அது ஒரு கைத்தொழில். மருந்து அடிக்க வேண்டுமா, வேண்டாமா, எதை அடிக்க வேண்டும் என்பதை ட்ரோன் சொல்லாது.

அதைச் சொல்ல யாரால் முடியும்? உன் அம்மாவிடம் கேட்டுப் பார். மிளகாய் இலை மேல்பக்கமாகச் சுருண்டு படகு மாதிரி நின்றால் அது இலைப்பேன். கீழ்ப்பக்கமாகச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்தி, வலை பின்னுகிற சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சும் பொடி 'மைட்'. இரண்டுக்கும் மருந்து வேறு. மாற்றி அடித்தால் காசும் போகும், பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சியும் சாகும். மாமா சொல்கிற ஏ.ஐ. இதைப் போட்டோ பார்த்துச் சொல்லும்தான். ஆனால் அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான போட்டோக்களை "இது பேன், இது சிலந்தி" என்று பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஐ.டி. கம்பெனியில் அந்த ஆள் கிடைப்பது கஷ்டம். உங்கள் தெருவில் நான்கு பேர் இருப்பார்கள். கணினியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதத் தெரிந்த வேளாண் பொறியாளர்கள் இப்போது நிறைய உண்டு. பயிரைத் தெரியாமல் நிரல் மட்டும் எழுதுகிறவருக்குக் கண்மாய்க் கரை ரொம்ப தூரம்.

என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில், ஒரு நிறுவனத்துக்காகப் பத்துத் தோட்டங்களில் தானியங்கிச் சொட்டு நீர் அமைத்தோம். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானே திறந்து மூடும் வால்வு. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, கேசரி எல்லாம் கொடுத்தோம். இரண்டு போகம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு தோட்டத்தில் சென்சார் ஒயரை எலி கடித்திருந்தது. இன்னொன்றில் பேட்டரி செத்து ஆறு மாதம். மூன்றாவதில் உப்புத் தண்ணீர், டிரிப்பரெல்லாம் வெள்ளை பூத்து அடைத்துக் கிடந்தது. அவ்வப்போது ஆசிட் கலந்து குழாயைக் கழுவ வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஒரு தோட்டத்தில் சென்சார் கம்பத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். நல்ல உறுதியான கம்பம், குறை சொல்ல முடியாது.

அதே பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரு பொருளை மானியமே இல்லாமல் சொந்தக் காசில் வாங்கி மாட்டியிருந்தார்கள். வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போட உதவும் செல்போன் ஸ்டார்ட்டர். மூணு பேஸ் கரண்ட் நடுராத்திரியில் வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்துகொண்டு, வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். அந்த நடையை அது மிச்சப்படுத்தியது. அவர்களுடைய கஷ்டம் எது என்று நாங்கள் கேட்கவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

கதை அதோடு முடியவில்லை. ஸ்டார்ட்டரை 'ஆட்டோ'வில் போட்டுவிட்டால் கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் ஓடும். பயிருக்குப் போதுமா என்று பார்க்க ஆள் தோட்டத்துக்கு வருவதில்லை. நம் மாநிலத்தில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் பில்லும் கிடையாது, முப்பது வருடத்துக்கு மேலாக. மனிதருக்குத் தூக்கம் கிடைத்தது, கிணறு இறங்கியது. நல்ல தொழில்நுட்பம் நல்ல விவசாயத்தைத் தானாகக் கொண்டுவந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நீ படிக்கப் போவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற விஷயத்தை.

சரி, எந்தப் படிப்பு?

உங்கள் வீட்டுக் கஷ்டத்தை ஒரு பேப்பரில் எழுதிப் பார். கண்மாயில் வண்டல் சேர்ந்து தண்ணீர் நிற்பதில்லை. நிலத்தடி நீர் உவர். புழுதியில் வீசி விதைத்தால் விதை அதிகம் பிடிக்கிறது, வரிசை இல்லாததால் களை எடுக்கும் கருவி உள்ளே போக முடியாது. மிளகாயைத் தார் ரோட்டில் காயப்போட்டால் ஒரு தூறலில் பூஞ்சை பிடித்து நிறம் போய்விடுகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் குறியீடு மிளகாயைக் காய வைத்துத் தராது. இவை எல்லாமே வேளாண் பொறியியல் பாடங்கள். மண் - நீர் பாதுகாப்பு, பாசனமும் வடிகாலும், பண்ணை இயந்திரங்கள், அறுவடைக்குப் பின்னான பதப்படுத்தல். இதோடு சூரிய உலர்த்தி, சாண எரிவாயு போன்ற மாற்று ஆற்றல் பாடமும் சேரும். அதனால் என் ஓட்டு வேளாண் பொறியியலுக்குத்தான்.

டீச்சர் சொன்ன பி.எஸ்சி. வேளாண்மையும் நல்ல படிப்புதான், நான்கு வருடம். பயிர், மண், பூச்சி, நோய், விதை, விரிவாக்கம் (கற்றதை விவசாயிகளிடம் கொண்டு சேர்ப்பது) என்று போகும். இலை ஏன் சுருள்கிறது என்ற கேள்வி உன்னை இழுத்தால் டீச்சர் சொல்வதைக் கேள். தண்ணீர் ஏன் கடைமடைக்கு வரவில்லை என்ற கேள்வி இழுத்தால் நான் சொல்வதைக் கேள். நீ உயிரியல், கணிதம் இரண்டும் வைத்திருப்பதால் இரண்டு கதவும் திறந்திருக்கிறது. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டுப் பிறகு வேளாண் பொறியியல் வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் எழுதத் திணறுவேன்.

எங்கே கிடைக்கும் என்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரிகள் கோயம்புத்தூரிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் இருக்கின்றன. அங்கே பி.டெக். இது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தனிக் கலந்தாய்வு, தனி விண்ணப்பம். இன்னொரு பக்கம் பொறியியல் கலந்தாய்வு. அதில் கிண்டி பொறியியல் கல்லூரியில் 'வேளாண் மற்றும் பாசனப் பொறியியல்' என்றே ஒரு பி.இ. உண்டு. கண்மாய்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த தனியார் கல்லூரிகள் சிலவற்றிலும் பி.இ. வேளாண் பொறியியல் இருக்கிறது. இரண்டு கலந்தாய்வுக்கும் விண்ணப்பம் போடு. ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்றுக்கும் போட்டதாக ஆகிவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான். பொறியியல் கட் ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. ஆகவே இந்த வருடம் ட்ரோன் வீடியோ பார்க்கும் நேரத்தில் பாதியைத் தொகையிடலுக்குக் கொடு.

தனியார் கல்லூரி என்றால், சேர்வதற்கு முன் ஒரு தடவை நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதே. பயிர் நிற்கிற நிலம் எத்தனை ஏக்கர், டிராக்டர் ஓடுகிறதா அல்லது ஷெட்டில் துரு பிடித்து நிற்கிறதா, நீரியல் ஆய்வகத்தில் தண்ணீர் வருகிறதா என்று பார். மூன்றாம் வருடம் படிக்கிற யாராவது ஒரு அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, "வெல்டிங் கையால் செய்தீர்களா?" என்று கேள். அந்த ஒரு கேள்வி போதும்.

மார்க் இடறினால்? சிவில் படித்துவிட்டு பாசன நீர் மேலாண்மையில் மேற்படிப்பு படித்தவர்கள் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. என்னோடு வேலை பார்த்ததில் வரப்பில் நின்றே மட்டம் சொல்லிவிடும் ஒருவர், டிப்ளமோ வழியாக வந்தவர்தான்.

வேலை பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். வேளாண் அலுவலர் பதவிக்கு பி.எஸ்சி. வேளாண்மை படித்திருக்க வேண்டும், வேளாண் பொறியியல் செல்லாது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டுக் கடைசி வருடத்தில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வேளாண் பொறியியல் படித்தவருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் பதவி இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை இரண்டு படிப்புக்காரர்களும் எழுதலாம். மேற்படிப்புக்கு 'கேட்' தேர்வில் வேளாண் பொறியியலுக்குத் தனித் தாள் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு. தனியாரில் சொட்டு நீர், டிராக்டர், சோலார் பம்பு நிறுவனங்கள். முதல் இரண்டு வருடம் பைக்கில் அலைச்சலும் விற்பனை இலக்கும் இருக்கும். பெண்ணென்றால் இன்னொரு தொல்லை, நாள் முழுக்கக் கழிப்பறை இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். போகிற ஊரில் முதலில் ஒரு வீட்டு அம்மாவைப் பழக்கம் பிடித்துக்கொள்வது என் வழி. அப்படிப் பழகியதில்தான் பாதி விவசாயம் கற்றேன். படித்து முடித்து ஐ.டி.க்குப் போய்விட்ட வகுப்புத் தோழர்களும் எனக்கு நிறையப் பேர், அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

தமிழ்வழி பற்றி. நானும் தமிழ்வழிதான். இரண்டாம் வருடம் நீரியல் வகுப்பில் பேராசிரியர் 'ஹெட்', 'ஹெட்' என்று ஒரு மணி நேரம் பேசினார். தண்ணீருக்கு எதற்குத் தலை என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கடகடவென்று எழுதினார்கள். ராத்திரி விடுதியில் படுத்திருக்கும்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் மோட்டார் கடைக்காரர் அப்பாவிடம், "உங்க கெணறு எத்தனை அடி ஹெட்டு?" என்றுதானே கேட்பார்! தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்பதுதான் ஹெட். எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு வார்த்தை தெரிந்தது, எனக்குப் பொருள் தெரிந்தது. உனக்கும் அப்படித்தான் நடக்கும். உங்கள் கண்மாயின் கலுங்கு இருக்கிறதே, மிச்சத் தண்ணீரை வழியவிட்டுக் கரையைக் காக்கும் அமைப்பு, அது நீரியல் பாடத்தில் வரும். அந்தக் காலத்து வெள்ளைக்கார எஞ்சினியர்கள் அதற்கு நம் சொல்லையே எடுத்துக்கொண்டு 'கலிங்குலா' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும், ஒரு நோட்டில் தினம் பத்து வார்த்தை எழுதி வை. அப்புறம் பழகிவிடும்.

செலவு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் இருந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடையாது, யாராவது "சீட் பிடித்துத் தருகிறேன்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. இதைத் தவிர, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பிக்கும்போது தேடி ஓடாமல், எந்தெந்த வகுப்பு எந்தெந்தப் பள்ளியில் படித்தாய் என்பதற்கான சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, உங்கள் வீட்டில் நீதான் முதலில் கல்லூரிக்குப் போகிறாய் என்றால் முதல் பட்டதாரிச் சான்று, எல்லாவற்றையும் அரையாண்டு விடுமுறையிலேயே வாங்கி வை. பெயரில் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே சரி செய்.

அப்பா சொல்வதில் தப்பில்லை. சேற்றில் நின்று அவருக்குக் கிடைத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். அவரோடு வாதாடாதே. இது அதே சேறுதான், ஆனால் ஒண்ணாம் தேதி சம்பளம் வரும் என்று சொல். முடிந்தால் ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வா. உங்கள் பகுதி மாதிரி வறட்சி தாங்க வேண்டிய இடங்களுக்காக வந்த 'அண்ணா 4' நெல் ரகம் அங்கே உருவானதுதான். ராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. உன்னை விட அப்பாவுக்கு அங்கே கேட்க நிறைய இருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் வேறு மாதிரி பேசலாம். பேசாமலும் வரலாம், அதற்கும் தயாராக இரு.

கடைசியாக, கல்லூரி வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மழைமானி செய்து வை. பக்கவாட்டுச் சுவர் நேராக இருக்கும், அடி தட்டையான ஏதாவது ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் ஆடாமல் பதித்துவிடு. தினம் காலையில் ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்துத் தேதியோடு எழுதிவிட்டுக் கொட்டிவிடு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் நான்காயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு ராத்திரி 40 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் நான்கு ஏக்கரில் மட்டும் ஆறரை லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. அது எங்கே போயிற்று என்று தேடு. அதே நாளில் கண்மாய் மடைக்கல்லில் தண்ணீர் எதுவரை ஏறியது என்றும் குறித்து வை, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் உங்கள் ஊர் நீர்பாய்ச்சியிடம் கேட்டால் பழைய வருடங்களின் அளவை வாயாலேயே சொல்வார், அதையும் எழுது. மழை ஓய்ந்ததும் வயலில், பக்கமெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைப் பதித்து, தண்ணீர் தரைக்குக் கீழே எத்தனை விரற்கடை இறங்குகிறது என்று பார். 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை நெல்லுக்கு மறுபடி பாய்ச்சத் தேவையில்லை, பூக்கும் சமயம் மட்டும் விதிவிலக்கு. நம் பெரியவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்வது இதைத்தான். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்குப் பெரிய பெயர் ஒன்று இருக்கிறது, இரண்டாம் வருடத்தில் படிப்பாய்.

தை மாதம் அந்த நோட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. டப்பா விஷயத்தில் ஒன்று மட்டும் கவனம்: நடுவில் இடுப்பு சுருங்கிய கூல்டிரிங்ஸ் பாட்டிலை வெட்டி வைக்காதே, அளவு தப்பாகிவிடும்.